மேற்படி நாசில்

அமெரிக்காவில் ஊருக்கு ஊர் வாட்டர் சர்வீஸ் இருக்கிறது, அதையும் அரசாங்கமே எடுத்து நடத்துகிறது என்று என் கணவரிடம் சொன்னவள் நான்தான். சொன்னதோடு நிற்கவில்லை. அங்கே காலையில் திறந்து சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே மூடிவிடுகிறார்கள், சனி ஞாயிறு லீவு, முதலிலேயே அட்வான்ஸ் கட்டினால்தான் வேலையை ஆரம்பிக்கிறார்கள் என்றெல்லாம் அடுக்கினேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டு, "கொடுத்து வச்சவங்க" என்றார். அதற்குமேல் அவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை, எனக்கும் ஒன்றும் சந்தேகம் வரவில்லை.

எங்கள் வாட்டர் சர்வீஸ் திண்டுக்கல்லில் வத்தலக்குண்டு ரோட்டில் இருந்தது. தகரக் கொட்டகை ஒன்று, லாரி ஏறி நிற்கச் சிமெண்ட் மேடை ஒன்று, போர், தொட்டி, பெல்ட்டில் ஓடும் பம்பு, அதிலிருந்து கிளம்பும் நீண்ட ஹோஸ், ஹோஸின் முனையில் முழ நீளத்துக்கு ஒரு கன். லாரி, டிராக்டர், வேன், ஆட்டோ என்று எது வந்தாலும் அவர் கழுவிக் கொடுப்பார். தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு வரன் பார்த்தபோது, மாப்பிள்ளை வாட்டர் சர்வீஸ் என்று தரகர் சொல்ல, சித்தையன்கோட்டையில் இருந்த என் அப்பா அதைக் குடிநீர் வாரிய வேலை என்று எடுத்துக்கொண்டார். அரசாங்க உத்தியோகம் என்று சொந்தபந்தம் முழுக்கச் சொல்லியும் விட்டார். மாதா கோவிலில் பூசை நேரத்தில் கல்யாண ஓலை வாசித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. ஊரறிய ஓலை வாசித்ததை மாற்ற அவருக்கு மனம் வரவில்லை. அந்தக் குழப்பத்துக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன், ஏனென்றால் உண்மை முதலிலேயே தெரிந்திருந்தால் அப்பா இவரைத் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்.

கல்யாணமான புதிதில் எனக்கு அந்தக் கன்தான் வேடிக்கை. பின்பக்கப் பிடியைத் திருகினால் தண்ணீர் ஒரே கோடாகப் போய் சேற்றைப் பெயர்க்கும். இன்னும் திருகினால் புகையாகப் பரவும். எப்படித் திருகினாலும் சுத்தமாக நிற்காது. அழுத்தி மூடினால் பம்பு திணறி ஹோஸ் பிய்த்துக்கொள்ளும் என்பதால் யாரும் மூடவும் மாட்டார்கள். சோப்பு போட வேண்டும் என்றால் கன்னைக் கீழே போட்டுவிட்டுப் போவார். அது தரையில் கிடந்து தன்பாட்டுக்குத் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டிருக்கும். மோட்டாரை நிறுத்திவிட்டுப் போகலாமே என்று கேட்டேன். "நிப்பாட்டி நிப்பாட்டிப் போட்டா காயில் போயிரும்" என்றார். தண்ணீர் இருந்த காலத்தில் அது யாருக்கும் உறுத்தவில்லை. வண்டிக்காரர்களுக்கும் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தால்தான் வண்டி கழுவிய திருப்தி.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடத்தில் மழை முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஒரு வருடம் பொய்த்தது, அடுத்த வருடமும் பொய்த்தது. எங்கள் போர் முதலில் மத்தியானம் நின்றது, பிறகு பத்து மணிக்கே நின்றது, கடைசியில் விடிகாலையில் செத்த நேரம் இருமிவிட்டு அடங்கிக்கொண்டது. ராத்திரி முழுக்க ஊறியது ஒரு தொட்டி. அந்தத் தொட்டி ஒரு லாரிக்கே சரியாகப் போய்விடும். இரண்டாவதாக வருகிற வண்டியைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்ப வேண்டியிருந்தது. எங்கள் ரோட்டிலேயே இன்னொரு வாட்டர் சர்வீஸ்காரர் போர்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இளநீர் போட்டார்.

அந்த வருடம் தவக்காலம் தொடங்கின சமயம், என் கணவர் திருப்பூர் போகிறேன் என்றார். அவருடைய சித்தப்பா மகன் அங்கே சாயப்பட்டறையில் மேஸ்திரி. ஈஸ்டர் முடிந்து வந்தால் ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் சொல்லியிருந்தான். நானும் மகளும் இங்கேயே இருப்பது, அவர் அங்கே தம்பி அறையில் தங்குவது, மாசத்துக்கு ஒரு தடவை வருவது. எல்லாவற்றையும் அவரே முடிவு செய்துவிட்டு, வெஞ்சனத்துக்கு உப்புக் குறைவு என்று சொல்கிற குரலில் சொன்னார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எங்கள் தெருவிலேயே அப்படி மாசத்துக்கு ஒரு தடவை வருவதாகப் போனவர்கள் தீபாவளிக்கு மட்டும் வரத் தொடங்கியதை நான் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன். இந்த மனிதர் வீட்டில் இல்லாமல் போவதை என்னால் தாங்க முடியாது என்று அப்போது எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அவரிடம், "போறதுன்னா போங்க, எனக்கென்ன" என்று சொல்லிவிட்டுப் பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவினேன்.

நான் படித்தது பன்னிரண்டாம் வகுப்பு. அதோடு டைப்ரைட்டிங்கில் லோயர் பாஸ். அந்த லோயர் அதுவரை எனக்கு ஒரு பிரயோஜனமும் தரவில்லை. மகள் படித்த பள்ளிக்கூடத்துக்கு எதிர் மாடியில் அப்போது ஒரு பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. உலகத்தில் எதைக் கேட்டாலும் அதில் கிடைக்கும் என்று பேசிக்கொண்டார்கள். அப்படியானால் கொஞ்சத் தண்ணீரில் வண்டி கழுவுகிற வழியும் அதில் இருக்கத்தானே வேண்டும் என்று நினைத்தேன். மகளை விட்டுவிட்டு ஒரு நாள் மாடியேறினேன்.

பலகைத் தடுப்புகளுக்குள் கல்லூரிப் பையன்கள்தான் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்தில் ஜெபமாலையும் கையில் காய்கறிப் பையுமாக நான் நின்றதைப் பார்த்து இரண்டு பேர் அவசரமாகத் திரையை மாற்றினார்கள். சென்டர்காரர் என்னைவிட இளையவர். பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரு பெட்டியின் முன்னால் உட்காரவைத்து, "என்ன வேணுமோ அதை இதுல அடிங்கக்கா. இங்கிலீஷ்ல அடிங்க, அதான் நல்லா வரும்" என்றார்.

என்ன வேண்டுமோ அதை அடித்தேன். முதலில் 'வாட்டர் கன்' என்று அடித்தேன். கலர் கலராகப் பிளாஸ்டிக் துப்பாக்கிகள் வந்தன. 'வாட்டர்' வேண்டாம் என்று வெறும் 'கன்' என்று அடித்தேன். வந்த படங்களைப் பார்த்துச் சென்டர்காரரே எழுந்து வந்துவிட்டார். பிறகு யோசித்து, எங்கள் போர்டில் உள்ளபடியே, ஒரு எழுத்து பிசகாமல் 'வாட்டர் சர்வீஸ்' என்று அடித்தேன்.

திரை நிறைய வந்தது. அத்தனையும் அமெரிக்க ஊர்கள். ஒவ்வொரு ஊர் முனிசிபாலிட்டியும் வாட்டர் சர்வீஸுக்கு ஒரு பக்கம் வைத்திருந்தது. வேலை நேரம் போட்டிருந்தது. புது வாடிக்கையாளர் டெபாசிட் கட்ட வேண்டும் என்று போட்டிருந்தது. வீட்டு உபயோகத்துக்கு ஒரு கட்டணம், வியாபாரத்துக்கு ஒரு கட்டணம் என்று பிரித்திருந்தது. காருக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று என்று நான் புரிந்துகொண்டேன். பாக்கி வைத்தால் சர்வீஸ் நிறுத்தப்படும் என்பதும் இருந்தது. அதில் என்ன தப்பு, எங்கள் கொட்டகையிலும் 'கடன் கேட்காதீர்' என்று எழுதித்தானே வைத்திருக்கிறோம். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்கு ஒவ்வொரு வரியும் என் பக்கம்தான் பேசியது.

அதில் ஒரு சின்ன ஊரின் பக்கத்தில், தண்ணீரைச் சிக்கனம் செய்ய யோசனைகள் என்று கொடுத்திருந்தார்கள். 'காரைக் கழுவும்போது, கையை எடுத்ததும் தானே மூடிக்கொள்ளும் நாசிலை ஹோஸில் மாட்டுங்கள்' என்று ஒரு வரி. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதற்குத்தானே வந்தேன். அது எப்படிப்பட்ட நாசில், யார் செய்கிறார்கள் என்று ஒன்றும் இல்லை. கீழே 'எங்களுக்கு எழுதுங்கள்' என்று மட்டும் இருந்தது. சென்டர்காரர் எனக்கு ஒரு ஈமெயில் விலாசம் உண்டாக்கிக் கொடுத்தார். லோயரில் படித்த வியாபாரக் கடிதம் அப்படியே கைவந்தது. மதிப்பிற்குரிய ஐயா அல்லது அம்மா, நாங்களும் உங்களைப் போலவே திண்டுக்கல்லில் வாட்டர் சர்வீஸ் நடத்தி வருகிறோம். தங்கள் சர்வீஸின் சிறப்பை அறிந்து மகிழ்ந்தோம். எங்கள் பகுதியில் தண்ணீர் குறைந்துவிட்டதால், தாங்கள் டிராக்டருக்கும் லாரிக்கும் எந்தக் கன்னை உபயோகிக்கிறீர்கள் என்று தயவுசெய்து தெரிவிக்கவும். தங்கள் உண்மையுள்ள.

அன்று ராத்திரிதான் அமெரிக்காவின் வாட்டர் சர்வீஸ் பற்றிச் சாப்பாட்டு நேரத்தில் சொன்னேன். அவர் கொடுத்து வச்சவங்க என்று சொன்னதும் அன்றுதான்.

இரண்டு மூன்று தடவை மாடியேறி இறங்கிய பிறகு பதில் வந்திருந்தது. அந்த ஆபீஸில் கவுண்டரில் உட்காருகிற ஒரு பெண்மணி எழுதியிருந்தார். பெயரை வைத்துப் பெண்தான் என்று சென்டர்காரர் சொன்னார். என் கடிதத்தை ஆபீஸில் எல்லாருமாகச் சேர்ந்து படித்தார்களாம். நாங்கள் வீடுகளுக்குக் குடிதண்ணீர் விடுகிறவர்கள், வண்டி கழுவுகிறவர்கள் இல்லை என்று மிகவும் தன்மையாகச் சொல்லியிருந்தார். எங்கள் ஊரிலும் மழை இல்லை, தண்ணீரை மிச்சம் பிடிக்க நினைக்கிற யாரைக் கண்டாலும் எனக்குப் பிடிக்கும் என்றிருந்தார். கடைசியில்தான் அந்த வரி. உங்களிடம் இருப்பதைப் போன்ற சாதனம் என் கணவரிடமும் ஒன்று உண்டு, எங்கள் நாட்டில் அதற்குப் பெயர் பிரஷர் வாஷர், அந்தப் பெயரில் தேடிப் பாருங்கள்.

வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அப்பா வாட்டர் சர்வீஸைக் குடிநீர் வாரியம் என்று நினைத்தார். மகள் குடிநீர் வாரியத்தை வாட்டர் சர்வீஸ் என்று நினைத்துவிட்டாள். நல்ல வம்சம். ஆனாலும் வெட்கத்தைவிட இன்னொன்றுதான் பெரிதாக இருந்தது. எங்கோ இருக்கிற ஒரு பெண், தனக்குச் சம்பந்தமே இல்லாத கேள்விக்கு, சிரித்துவிட்டு அழித்துவிடாமல், வீட்டில் தன் கணவரின் சாமானை நினைத்துப் பார்த்து, அதற்குப் பெயர் சொல்லியிருக்கிறாள். நாங்கள் வருடக்கணக்காகப் பிழைத்த தொழிலுக்கு வெளியுலகத்தில் என்ன பெயர் என்றே எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. நம்மூரில் போர்டு எழுதுகிற எல்லாரும் வாட்டர் சர்வீஸ் என்றுதான் எழுதுகிறார்கள். அதை வைத்துத் தேடினால் எத்தனை காலம் தேடினாலும் குழாய்த் தண்ணீர்தான் வந்திருக்கும்.

பிரஷர் வாஷர் என்று அடித்ததும் கதவு திறந்துகொண்டது. திறந்தது கொஞ்சம் அதிகமாகவே திறந்துவிட்டது. எல்லாம் விற்கிறவர்களின் பக்கங்கள், மினுமினுக்கும் படங்கள், டாலரில் விலை. எனக்கு வேண்டியது உள்ளே எப்படி இருக்கிறது என்பது. ஒவ்வொரு பக்கத்தின் பெயருக்குக் கீழேயும் 'இதைப் போன்ற பக்கங்கள்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி இருந்ததை யாரும் சட்டை செய்ததாகத் தெரியவில்லை. நான் அதை அழுத்திப் பார்த்தேன். ஒன்றிலிருந்து ஒன்று, அதிலிருந்து இன்னொன்று என்று கூட்டிக்கொண்டே போய், கடைசியில் படமே இல்லாமல் நெருக்கமாக எழுத்து மட்டும் இருக்கிற ஒரு பக்கத்தில் கொண்டுபோய் விட்டது. அது பேட்டன்ட் பத்திரம். ஒருவர் புதிதாக ஒரு கன்னைக் கண்டுபிடித்து, அதை அரசாங்கத்திடம் பதிந்து வைத்திருந்தார். அதிலேயே இன்னொரு இடத்தை அழுத்தினால் ஒரு வரைபடமும் வந்தது. அது மேலிருந்து கோடு கோடாக இறங்குவதற்குள் நான் ஜெபமாலையில் பத்து மணி உருட்டியிருப்பேன். விசை, உள்ளே ஸ்பிரிங், முனையில் நாசில், ஒவ்வொன்றுக்கும் அம்புக்குறி, எண். சென்டர்காரரிடம் சொல்லி எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன்.

கொட்டகையில் வைத்து நான் வரிவரியாகத் தமிழில் சொல்ல, அவர் பம்பின் மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டார். அந்த இங்கிலீஷில் ஒரு தொந்தரவு இருந்தது. நாசில் என்று ஒரு தடவை எழுதியவர் அடுத்த தடவையிலிருந்து 'செட் நாசில்' என்றே எழுதினார். செட் கன், செட் ஸ்பிரிங், செட் ஹோஸ். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எஸ்-ஏ-ஐ-டி, செட் என்றால் சொன்ன என்றுதான் அர்த்தம். "சொன்ன கன்னில் சொன்ன நாசில் பொருத்தப்பட்டிருக்கும்" என்று வாசித்தேன்.

"யாரு சொன்னது?" என்றார் அவர்.

"தெரியலங்க."

"யாரு சொன்னதுன்னு போடாம எப்படி நம்புறது?"

எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த பக்கத்தில் ஆறேழு இடத்தில் அதே சொல் வந்தபோதுதான், அப்பாவின் நிலப் பத்திரம் ஞாபகம் வந்தது. மேற்படி நிலத்துக்கு வடக்கே, மேற்படியார் கிணற்றுக்குக் கிழக்கே என்று பத்திரம் எழுதுகிறவர்கள் எழுதுவார்களே, அதே மேற்படிதான் இது. பத்திரம் எழுதுகிறவர்கள் எந்த நாட்டிலும் ஒரே மாதிரிதான் போலிருக்கிறது. "சொன்ன நாசில் இல்லங்க, மேற்படி நாசில்" என்றேன். அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. திருப்பூர் போகிறேன் என்று சொன்ன நாளுக்குப் பிறகு அவர் சிரித்தது அன்றைக்குத்தான். அன்றிலிருந்து எங்கள் கொட்டகையில் அதற்குப் பெயர் மேற்படி.

மேற்படி பத்திரம் சொன்ன விஷயம் இரண்டே இரண்டு. முதலாவது, விசையைப் பிடித்தால் தண்ணீர் வரும், விட்டால் நிற்கும். நின்ற தண்ணீர் ஹோஸைப் பிய்க்காமல் வேறு வழியாகத் தொட்டிக்கே திரும்பிவிடும். எங்கள் பம்பிலும் அப்படித் திரும்புவதற்கு ஒரு துவாரம் இருந்தது, யாரோ எப்போதோ அதைப் போல்ட் போட்டு அடைத்திருந்தார்கள். இரண்டாவது, நாசிலின் வாய். உட்பக்கம் குழிவாகக் குடைந்து, வெளிப்பக்கம் குறுக்கே ஒரு வெட்டு வெட்டினால், தண்ணீர் கோடாகவும் போகாமல் புகையாகவும் போகாமல் விசிறி மடிப்பு விரிந்தமாதிரி பரவும். குறைந்த தண்ணீர், ஆனால் அகலமாக வழித்துக்கொண்டு போகும். இதை அந்த மனிதர் ஒளிவுமறைவு இல்லாமல் எழுதி வைத்திருந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. எங்கள் ஊர் பூட்டுக்குப் பேர்போன ஊர். பூட்டுப் பட்டறைக்காரர் உள்ளே லீவர் எப்படி உட்காருகிறது என்பதைச் சொந்த மச்சானுக்கே காட்ட மாட்டார். இவர் உலகத்துக்கே திறந்து காட்டிவிட்டுப் போயிருந்தார்.

குருத்தோலை ஞாயிறு முடிந்ததும் படத்தை லேத்துக்காரரிடம் கொண்டுபோனோம். அவர் எங்கள் தெருக்காரர்தான், கோபக்காரர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாத்துக்கும் அளவு போட்ருக்கான். நாளைக்கு வாங்க" என்றார். மறுநாள் போனால், சோடா பாட்டில் தண்டிக்குப் பித்தளையில் ஒரு நாசில் செய்து வைத்திருந்தார். வாய்க்குள் என் பெருவிரல் தாராளமாகப் போயிற்று.

"என்னண்ணே இது?"

"முப்பத்திநாலுன்னு போட்ருக்குல்ல. முப்பத்திநாலு எம்எம். சுத்தமா இருக்கு, வேணும்னா அளந்து பாரு."

எழுத்தைத் தேடி எடுத்துப் படித்தேன். 'மேற்படி நாசில் 34' என்று இருந்தது. விசைக்குப் பெயர் 22. ஸ்பிரிங்குக்குப் பெயர் 28. எதுவும் அளவு இல்லை, ஒவ்வொரு உறுப்புக்கும் எண்ணால் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். இதைச் சொன்னதும் லேத்துக்காரர் கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அந்தச் சோடா பாட்டிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே, "அப்ப அளவு எங்கதாம்மா இருக்கு?" என்றார். அளவு எங்கேயும் இல்லை. பழைய கன்னின் வாயைவிடப் பொடியாக இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும். பிறகு அவரும் என் கணவரும் பொடியாக ஒன்று செய்வது, மாட்டிப் பார்ப்பது, கழற்றுவது, வெட்டை ஆழமாக்குவது என்று பெரிய வியாழன் வரை மல்லுக்கட்டினார்கள். கூடவே பழைய கன்னுக்கு ஸ்பிரிங் வைத்து ஒரு விசை பொருத்தி, பம்பை அடைத்திருந்த போல்ட்டைக் கழற்றி, அங்கே ஒரு வால்வு வைத்துத் தொட்டிக்குக் குழாய் விட்டார்கள். ஒன்றில் தண்ணீர் ஒருபக்கமாகச் சாய்ந்து அவர் சட்டையையே கழுவியது. இன்னொன்று தெறித்துப்போய்ப் பக்கத்து இளநீர்க் கடையில் விழுந்தது. அந்த நாட்களில் சித்தப்பா மகன் ஒரு தடவை போன் செய்து, திங்கட்கிழமை காலையில் ஷிப்டு, ஞாயிற்றுக்கிழமை நானே வந்து கூட்டிப்போகிறேன் என்றான். இவர் சரி என்றுதான் சொன்னார்.

பெரிய வெள்ளி வேலை இல்லை. சனிக்கிழமை காலையில் ஆயக்குடியிலிருந்து கொய்யாப்பழம் கொண்டுவந்து இறக்கிவிட்டுத் திரும்புகிற வேன் ஒன்று வந்தது. டயர் மூடிகளுக்குள் செம்மண் இறுகிப்போய் இருந்தது. தொட்டியில் ராத்திரி ஊறிய தண்ணீர். என் கணவர் மேற்படியை மாட்டி விசையைப் பிடித்தார். ஹோஸ் ஒரு துள்ளுத் துள்ளியது. தண்ணீர் விசிறியாக விரிந்து, வேனின் பக்கவாட்டில் மேலிருந்து கீழே வழித்துக்கொண்டு வந்தது. விசையை விட்டார். நின்றது. தொட்டிக்குள் தண்ணீர் திரும்பி விழுகிற சத்தம் கேட்டது. அவர் இன்னொரு தடவை பிடித்தார், விட்டார். கழுவுவதற்காக இல்லை, நிற்கிறதா என்று பார்ப்பதற்காக.

வேன்காரர் பழனிப் பக்கத்து ஆள். மேடையைச் சுற்றி வந்து பார்த்தார். "ஏனுங்க, தண்ணியவே காணோமுங்க, எப்படிங்க கழுவுனீங்க?" என்றார். குரலில் சந்தேகம் இருந்தது. ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்தாரோ என்னவோ, மூடிக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார். மண் இல்லை. மறுபடியும் பார்த்துவிட்டு, "கழுவித்தானுங்க இருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அவர் போனதும் ஒரு டிராக்டர் வந்தது. அதற்குப் பின்னால் வந்த மினி லாரியை நான் பழக்கத்தில் கும்பிட்டு அனுப்பப் போனேன். என் கணவர் தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "வரச் சொல்லு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை ஈஸ்டர் திருப்பலி முடிந்து சாப்பாட்டு நேரத்துக்குச் சித்தப்பா மகன் பைக்கில் வந்து சேர்ந்தான். தவக்காலம் முழுக்கக் காய்ந்த வாய்க்குக் கறி ஆக்கியிருந்தேன். என் கணவர் என்ன முடிவில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. அவர் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை. கேட்டால் போகிறேன் என்று சொல்லிவிடுவாரோ என்று பயம். தம்பி இரண்டாம் தடவை சோறு வாங்கிக்கொண்டு, "சாயங்காலம் வெயில் தாழக் கெளம்பிருவோமாண்ணே?" என்று கேட்டான்.

"நீ கெளம்பு. நான் வரல" என்றார் இவர். "தண்ணி பத்துது."

நான் குழம்பு எடுத்து வருவதாக அடுப்படிக்குள் போனவள், அங்கேயே நின்று அழுதேன். முதலில் எல்லாக் கடவுளுக்கும் மேலான என் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். பிறகு, பெயர்கூடச் சரியாக உச்சரிக்கத் தெரியாத அந்தக் கன்காரருக்கு. கோபத்தை அடக்கிக்கொண்ட லேத்துக்காரருக்கு. இதைப் போன்ற பக்கங்கள் என்று பொடி எழுத்தில் போட்டு வைத்த, யாரென்றே தெரியாத புண்ணியவானுக்கு. எல்லாருக்கும் மேலாக, கவுண்டரில் உட்கார்ந்திருக்கிற அந்த அம்மாவுக்கு.

சில வருடங்களில் மழையும் வந்தது, போரும் ஊறியது. அதற்குள் விசை வைத்த கன்னும் விசிறி நாசிலும் திண்டுக்கல் கடைகளிலேயே பளபளவென்று தொங்க ஆரம்பித்தன. நாங்களும் கடையில்தான் வாங்கினோம். வேலைக்கு வந்த ஆட்கள் அதையும் மேற்படி என்றே கூப்பிடக் கற்றுக்கொண்டார்கள். வெளியாட்கள் அந்தச் சொல்லை வேறு மாதிரி அர்த்தம் செய்துகொண்டு விழித்ததும் உண்டு.

அந்த வருட ஈஸ்டருக்கு மறுநாள் திங்கட்கிழமை, மகளுக்கு லீவாக இருந்தும் நான் பிரவுசிங் சென்டர் போனேன். அந்த அம்மாவுக்கு எழுதினேன். தங்கள் மேலான பதில் கிடைக்கப்பெற்றோம். தாங்கள் அருளிய பெயரில் தேடியதில் எங்களுக்குத் தேவையானது கிடைத்தது. ஒரு தொட்டித் தண்ணீரில் பல வண்டிகள் கழுவுகிறோம். தங்களுக்கும் தங்கள் கணவருக்கும் எங்கள் குடும்பத்தின் ஈஸ்டர் வாழ்த்து. எல்லாம் லோயரில் படித்த வாக்கியங்கள், ஒன்றும் குறையில்லை. ஆனாலும் நான் சொல்ல வந்தது அதில் எங்கேயும் இல்லை என்று தோன்றியது. தங்கள் உண்மையுள்ள என்பதற்கு மேலே, யோசிக்காமல் இன்னும் ஒரு வரி அடித்தேன். என் கணவர் போகவில்லை. அவ்வளவுதான். அனுப்பிவிட்டு மாடி இறங்கும்போதுதான், திருப்பூரைப் பற்றி அந்த அம்மாவிடம் நான் ஒரு வார்த்தையும் எழுதியதில்லை என்பது உறைத்தது.

அந்த வாரமே பதில் வந்துவிட்டது. சின்னப் பதில். என் கடிதத்தை மறுபடியும் ஆபீஸில் எல்லாரும் படித்தோம், ரொம்பச் சந்தோஷம் என்றிருந்தது. அதற்குக் கீழே, உங்கள் கணவர் எங்கே போக இருந்தார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் அவர் போகவில்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி என்று எழுதியிருந்தார்.

நேராகக் கொட்டகைக்கு வந்து அதை அவரிடம் தமிழில் சொன்னேன். அவர் ஒரு லாரியின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நனைந்துபோய் நின்றிருந்தார். விசையை விட்டுத் தண்ணீரை நிறுத்தினார்.

"திருப்பூருக்குன்னு எழுதிரு" என்றார். "பாவம், அந்தம்மா யோசிச்சுக்கிட்டே இருக்கும்."